செக்காலை ரோட்டில் மூன்று கடைகள்

மூன்றில் எது பிடிக்கும் என்று
மாதக் கூட்டம் முடிந்ததும் பேச்சு வந்தது.
மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஒன்பது பேர்,
அதில் நான் ஒருத்திதான் பெண்.

சிக்கந்தருக்குச் சந்தேகமே இல்லை: பித்தளை டபரா.
"டிகாஷன் நாக்குல உக்காரும் பாருங்க,
மத்தியானச் சோறு வரைக்கும் எந்திரிக்காது."
ஏரியா மேனேஜருக்கு மேகம் கஃபே.
மதுரைக்காரர், ஏசி போட்ட இடம்தான் அவருக்குக் காபி.
கதிரேசன் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.
"எல்லாம் கேன் தண்ணி.
சம்பை ஊத்துத் தண்ணியில எவன் போடுறானோ
அவன்தான் காபிக்காரன்."
அப்படி ஒருவனும் கிளை திறக்கவில்லை என்று
அவனுக்கும் தெரியும்.

நீலக்கோப்பை, என்றேன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
நூற்றிப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு
பாலுக்குக் காபியைத் தூரத்திலிருந்து காட்டுகிற கடை.
ஆத்தங்குடிக் கல் என்று சுவரில் இருப்பது ஸ்டிக்கர்,
ஒரு மூலையில் உரிந்து சுருண்டு நிற்கிறது.
உண்மைதான்.
அத்தனையும் உண்மை.

தேவகோட்டையில் ஏழரைக்கு வண்டியை எடுக்கிறேன்.
குழந்தை டாக்டர் பத்தரைக்கு.
எலும்பு டாக்டர் ஒன்றேகாலுக்கு;
அது இரண்டாகும், "உக்காரும்மா" ஆகும்,
நாற்காலி இருக்காது.
மூன்று மணிக்குக் கோட்டையூர், பிறகு பள்ளத்தூர்.
ஒவ்வொரு முறையும் தண்ணீர் பாட்டிலைத் திறக்குமுன்
மனசுக்குள் கணக்கு ஓடும்:
எத்தனை மடக்கு, எத்தனை கிலோமீட்டர்.
சித்திரை வெயிலிலும் அதே கணக்கு.

பித்தளை டபராவில் கழிப்பறையே கிடையாது.
நின்றபடி குடித்து, தோளைத் தட்டிவிட்டுப்
போகிறவர்களுக்கான கடை அது.
மேகத்தில் உண்டு.
மீசை ஒன்று, பொட்டு ஒன்று, படம் இரண்டு,
கதவு ஒன்று.
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்.
ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு
"ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று
எட்டு மாதம் சொல்லிப் பார்த்தேன்.

நீலக்கோப்பையில் மாடிப்படிக்கு அடியில்.
குனியாமல் போனால் நெற்றி வீங்கும்.
ஆனால் இரும்புத் தாழ்ப்பாள்.
தள்ளினால் டக்கென்று விழும்.
உட்புறம், என் தோள் உயரத்தில்,
பை மாட்ட ஒரு கொக்கி.
என் பை ஒன்பது கிலோ.
முதல் நாள் அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு
வந்த வேலையை மறந்து நின்றேன்.
யாரோ ஒருத்தி
அந்தக் கம்பெனியில் எங்கோ ஒரு மேசையில்
வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள்.

ஆடியில் அறிவிப்பு ஒட்டினார்கள்:
பில் உள்ளவர்களுக்கு மட்டும்.
கல்லாவில் நிற்கும் அசாம் பையன் ரிதுல்
நான் உள்ளே நுழைகையிலேயே
சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
இயந்திரத்தைத் துடைக்கத் திரும்பிக்கொள்வான்.
அந்த முதுகுக்காகவே ஒவ்வொரு நாளும்
சின்னக் கோப்பை ஒன்று வாங்குகிறேன்.
பாதியில் வைத்துவிடுவேன்.
முழுக்கக் குடித்தால் கோட்டையூர் தாண்டாது.

"சரி, அப்படி என்னதான் இருக்கு அங்க?"
ஒன்பது கோப்பைகள் நடுவில் கேட்டார் மேனேஜர்.
ருசி, என்றேன்.
சிக்கந்தர் என்னை
ஜுரம் வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நேற்று எலும்பு டாக்டர் வாசலில்
எதிர்க் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கிறவள், உமையாள்.
எங்கள் வலி மாத்திரைக்கு நேர் போட்டி
அவள் பையில் இருப்பது.
இரண்டு மணி நேரமாகப் பேசிக்கொள்ளவில்லை.
அவள் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது,
முத்திரைகூட உடையாமல்.
பிறகு கழுத்தைத் திருப்பாமல்,
"இங்க காபி எங்க நல்லாருக்கும்?" என்றாள்.

நீலக்கோப்பை.
படிக்குக் கீழே.
தலை பத்திரம்.